மெதுவாகச் சுற்ற ஒரு மோட்டர்

மரைக்கார் காக்கா, என் மோட்டரை எரித்தது நீங்கள். நான் அல்ல.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு நான் எழுதப்போவதில் பாதி, பகல் தூக்கத்தில் கண்ட கனவு மாதிரி இருக்கும். எனக்கு மோட்டரைப் பற்றி யோசித்தால் அப்படித்தான் வரும். அதைப் படித்து மயங்கி யாரும் வழக்கை மறந்துவிடக் கூடாது.

படிக்கிறவர்களுக்கு இவர் யார் என்று சொல்ல வேண்டும். கல்முனைக் கடைத்தெருவில் மோட்டரும் தண்ணீர்ப் பம்பும் விற்கிறவர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் எங்கள் குடியின் பிரதிநிதியான மரைக்காரும் இவர்தான். எங்கள் பக்கத்தில் குடி என்கிற குலம் தாய்வழியாக வரும். இவருடைய உம்மாவும் என்னுடைய உம்மாவும் ஒரே குடி. அதனால் இவர் எனக்குக் காக்கா, அண்ணன் முறை. குடும்பத்தில் கல்யாணம் என்றாலும் மையித்து அடக்கம் என்றாலும் இவர் வந்து முன்னால் நிற்க வேண்டும். இவருடைய சொல்லுக்கு ஊரில் எடை இருக்கிறது. அந்த எடை என் தலைமேல் விழுந்ததைத்தான் எழுதுகிறேன்.

நான் இரும்பு வெட்டுகிறவள். கல்யாணத்துக்கு முன் தையல் தொழிற்சாலையில் மெஷின் திருத்தும் பகுதியில் இருந்தேன். கல்யாணத்தின்போது எங்கள் வழக்கப்படி வீடு எனக்கு எழுதப்பட்டது. மாப்பிள்ளை ஸ்பானர் பெட்டியோடு வந்து சேர்ந்தார். அவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். அவர் கழற்றுவார், பூட்டுவார். ஆனால் ஒரு துண்டு புதிதாக வெட்ட வேண்டுமென்றால் அக்கரைப்பற்றுக்குப் போய்க் காத்துக் கிடக்க வேண்டும். ஒரு நாள் சலித்துப்போய் நான் சொன்னேன்: "வீடு என்ட வீடு. குசினிக்குப் பக்கத்து அறையில மெஷின் போடுவம். நான் வெட்டுறன்."

"சரி புள்ள" என்றார். அவர் அதிகம் கதைக்கிறவர் இல்லை.

கொழும்பில் பழைய மெஷின்கள் விற்கும் இடத்திலிருந்து ஒரு சின்ன மில்லிங் மெஷின் லொறியில் வந்தது. பார்க்கத் துளை போடும் மெஷின் மாதிரி இருக்கும். ஆனால் இதில் கீழே இருக்கும் மேசை நகரும். மேசையில் இரும்பைக் கட்டிவைத்து கைப்பிடியைச் சுற்றினால், மேலே சுழலும் கட்டருக்கு அடியில் இரும்பு மெல்ல மெல்லப் போகும். கட்டர் அதைச் சீவிக்கொண்டே வரும். வந்த மெஷினில் எல்லாம் இருந்தது. மோட்டர் மட்டும் இல்லை. யாரோ கழற்றி எடுத்திருந்தார்கள். வேகம் மாற்றும் கப்பிகளும் போய்விட்டன.

அது தென்மேற்கிலிருந்து சூடாகக் கச்சான் காற்று வீசும் காலம். மத்தியானத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். யன்னல் சீலை உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருக்கும். கடல் சத்தம் கேட்காது, காற்றின் சத்தம்தான். நான் அந்த அறையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, கையை நீட்டி மெஷினின் தலையிலுள்ள தண்டைச் சுற்றிவிடுவேன். எண்ணெய் போட்ட தண்டு. சத்தமில்லாமல் சுற்றி, தயங்கி, நிற்கும். மறுபடி சுற்றிவிடுவேன். எனக்கும் கண் சொருகும். அது என்ன வேகத்தில் சுற்ற வேண்டும் என்று அது என்னிடம் கேட்பது போலவும், நான் பதில் சொல்வதற்குள் தூங்கிப்போவது போலவும் இருக்கும்.

கேள்வி அதுதான். அலுமினியத்துக்கு வேகமாகச் சுற்ற வேண்டும். இரும்புக்கு மெதுவாக. துருப்பிடிக்காத உருக்குக்கு இன்னும் மெதுவாக, ஆனால் பலம் குறையாமல். மெதுவாகவும் பலமாகவும் சுற்ற எல்லா மோட்டருக்கும் தெரியாது. மனிதருக்கே தெரியாது. மெதுவாகப் போகச் சொன்னால் பலர் சோர்ந்துபோகிறார்கள்.

தையல் மெஷினில் பூட்டும் மோட்டர் எனக்குப் பழக்கமானது. சின்னது, சொன்ன வேகத்தில் ஓடும். ஆனால் துணியைக் குத்தவே பிறந்தது. மெதுவாக்கி இரும்பைக் காட்டினால் நின்றுவிடும். பிறகு, வீட்டுக்குள்ளே ஓடிப் பயிற்சி செய்யும் மெஷின்கள் உடைந்து கடைகளுக்கு வருகின்றனவே, அவற்றின் மோட்டரை நினைத்தேன். பலமானது, வேகமும் மாறும். ஆனால் அதன் உடம்பு திறந்தது. இரும்புச் சீவல் பறந்து உள்ளே போகும்; எங்கள் உப்புக் காற்றும் போகும். மூன்றாவது, மூன்று பேஸ் மோட்டர், அதாவது மும்முனை மின்சாரத்தில் ஓடுவது. அதில்தான் என் மனம் நின்றது.

ஒரு பேஸ் மோட்டர் என்பது ஒரு ஆள் தனியாக உரலில் இடிப்பது மாதிரி. உலக்கை மேலே போய்க் கீழே வரும்வரை உரல் சும்மா இருக்கும். தொடங்கும்போது யாராவது தள்ளிவிடவும் வேண்டும். அதற்குத்தான் அதில் கெப்பசிட்டர் வைத்திருக்கிறார்கள். மூன்று பேஸ் என்றால் மூன்று பெண்கள் ஒரே உரலில் மாறி மாறி இடிப்பது. ஒரு உலக்கை இறங்கும்போது மற்றது ஏறும். உரலுக்கு ஓய்வே கிடையாது. நோன்புக்கு முந்திய நாட்களில் அரிசி மா இடிக்கிற அந்தத் தாளம் என் காதுக்குள் இன்னமும் இருக்கிறது. பாயில் கிடந்தபடி மோட்டருக்குள் அந்த மூன்று பேரையும் பார்ப்பேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முகம் தெரியாமல், சுற்றிச் சுற்றி இடித்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு வருவது ஒரு பேஸ்தான். ஆனால் வீஎஃப்டி என்று ஒரு பெட்டி இருக்கிறது. அது ஒரு பேஸை வாங்கி மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும். கரண்ட் போய்வரும் தாளத்தையே அது மாற்றும். தாளம் மெதுவானால் மோட்டரும் மெதுவாகும், பலம் குறையாது. இதையெல்லாம் நான் தொழிற்சாலையில் பார்த்திருக்கிறேன், போனில் வீடியோவும் பார்த்திருக்கிறேன். ஆகவே என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் மாப்பிள்ளையோடு உங்கள் கடைக்கு வந்தேன், காக்கா.

கடையில் ஐந்தாறு படகுக்காரர்கள் நின்றார்கள். நீங்கள் என்னைக் கண்டதும் சிரித்தீர்கள்.

"என்ன புள்ள, மா அரைக்கவா மோட்டர்?"

"இல்ல காக்கா. இரும்பு வெட்ட. மூணு பேஸ், ஒரு குதிரைவலு. அதுக்கு ஒரு வீஎஃப்டியும் எடுத்துத் தாங்க."

"இரும்பா? ஆர் வெட்டுற, மாப்புளயா நீயா?"

"நான்தான். அவருக்குக் கழட்டத்தான் தெரியும்."

நின்றவர்கள் சிரித்தார்கள். என் மாப்பிள்ளையும் சிரித்தார். நீங்கள் ஒரு மோட்டரைத் தூக்கி மேசையில் வைத்தீர்கள்.

"மூணு பேஸ் என்னத்துக்கு? உன்ட வீட்டுக்கு வாறது ஒரு பேஸ்தானே. இத கொண்டு போ. சும்மா கிறுகிச் சுத்தும்."

"இதுல வேகம் கொறைக்க ஏலாதே, காக்கா."

"ஏன் ஏலா? இந்தா இரிக்கி கொன்ட்ரோல்."

ஒரு சின்னப் பெட்டி. முகத்தில் ஒரு திருகு. அதை நிற்கும் பேன் ஒன்றில் இணைத்துத் திருகினீர்கள். பேன் மெதுவாகியது. இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. வெயில் வாசலில் வெள்ளையாக விழுந்து கிடக்க, அந்த இறகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாகப் போயின. ஒரு கணம் நானும் நம்பினேன். பிறகு சொன்னேன்:

"காக்கா, இது பேன். காத்த வெட்டுறது. நான் வெட்டப்போறது இரும்பு. ஒரு இரும்புத் துண்ட வெச்சி ஓட்டிக் காட்டுங்க."

உங்கள் முகம் மாறியது.

"நம்மட குடிப் புள்ளைக்கு நான் பொய்யா சொல்லப்போறன்?"

இந்த இடத்தை வெளியூர்க்காரர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் 'நம்மட குடி' என்று ஒருவர் சொன்ன பிறகு பொருளைச் சோதிக்க முடியாது. சோதித்தால் அவரைக் கள்ளன் என்று சொன்னதாகும். தராசில் நிறுக்கச் சொல்ல முடியாது, பெட்டியைத் திறக்கச் சொல்ல முடியாது. அந்நியன் கடையில் நூறு கேள்வி கேட்கலாம். சொந்தக்காரன் கடையில் ஒன்றும் கேட்க முடியாது. அதனால் எங்கள் ஆட்கள் ஏமாறுவதெல்லாம் சொந்தக்காரரிடம்தான். இது எல்லாருக்கும் தெரியும். யாரும் எழுதுவதில்லை.

மாப்பிள்ளை என் சீலையை மெல்ல இழுத்தார். "எடுப்பம், புள்ள." எடுத்தோம்.

மோட்டரைப் பூட்டினேன். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. படகின் பின்னால் பூட்டும் வெளியிணைப்பு எஞ்சின்களின் தலைப் பகுதி சூட்டில் வளைந்து வரும். அதைச் சீவித் தட்டையாக்க வேண்டும். அது அலுமினியம். மோட்டர் முழு வேகத்தில் ஓடும், திருகைத் தொடவே தேவையில்லை. அலுமினியச் சீவல் வெள்ளி மழை மாதிரிப் பறந்து என் முக்காட்டில் விழும். மாலையில் வாசலில் நின்று உதறினால் மணலில் மினுங்கும். படகுக்காரர்கள் தேடி வரத் தொடங்கினார்கள். "ராத்தா வெட்டினா கண்ணாடி மாதிரி" என்று ஒருவர் என்னை அக்கா முறை வைத்துச் சொன்னதாக மாப்பிள்ளை வந்து சொன்னார். அந்த நாட்களில் எனக்கு நடந்தாலும் மிதப்பது போல இருந்தது.

பிறகு தம்பிலுவிலிலிருந்து ஒருவர் வந்தார். சொந்தப் படகு வைத்திருப்பவர். புரொப்பலரைச் சுழற்றும் தண்டைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். புரொப்பலர் தண்டில் நழுவாமல் இருக்க நீளமாக ஒரு காடி, அதாவது பள்ளம், வெட்ட வேண்டும். துருப்பிடிக்காத உருக்கு.

"தங்கச்சி, வெட்டுவியா? இல்லாட்டி இத ஊண்டி நடந்து வீட்டுக்குப் போறன்."

"வெட்டுறன் அண்ண. இரிங்க. தேத்தண்ணி குடிங்க."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். நான் தண்டைக் கட்டினேன். கட்டரைப் பூட்டினேன். அன்றுதான் முதல் முறையாக உங்கள் திருகைக் குறைத்தேன், காக்கா. சும்மா சுற்றும்போது சத்தம் கொஞ்சம் மாறியது, அவ்வளவுதான். கட்டர் உருக்கைத் தொட்டது. மோட்டர் தளர்ந்தது. இன்னும் தளர்ந்தது. உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு ஒரு முனகல். மெஷின் முனகவில்லை, சுகமில்லாத ஆள் முனகுவது போல இருந்தது. எனக்கு விளங்குவதற்குள் வார்னிஷ் எரியும் மணம் வந்தது. மோட்டரின் வயிற்றிலிருந்து புகை. கட்டர் உருக்குக்குள் இறுகி முறிந்தது. சுவிட்சை அடித்து நிறுத்தினேன். காடி பாதி வெட்டியபடி, முறிந்த பல்லோடு கிடந்தது.

படகுக்காரர் எழுந்து வந்து பார்த்தார். தேத்தண்ணிக் கோப்பை இன்னும் கையில் இருந்தது.

"தங்கச்சி," என்றார், "தேத்தண்ணி நல்லம்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. தண்டு வீணாகிவிட்டது. அதை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். அவர் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அந்த மோட்டரைப் பிரித்துப் பார்த்தேன். என்ன நடந்தது என்று எழுதுகிறேன், விளங்குகிறவர்கள் விளங்கட்டும். தொடக்கத்தில் தள்ளிவிடுவதற்கென்று ஒரு சுருள் அதற்குள் இருக்கிறது. மோட்டர் வேகம் பிடித்ததும் உள்ளேயிருக்கும் சுவிட்ச் அந்தச் சுருளைக் கழற்றிவிடும். உங்கள் பெட்டி வேகத்தை ஆளவில்லை, கரண்டைப் பட்டினி போட்டது. மோட்டர் பட்டினியில் தளர்ந்தபோது சுவிட்ச் 'டிக்' என்று மறுபடி ஒட்டிக்கொண்டது. ஒரு நொடி வேலைக்குச் செய்த சுருள் விடாமல் ஓடிக் கருகியது. பேனுக்கு இது நடக்காது. பேன் மெதுவானால் காற்றின் பாரமும் குறைந்துவிடும். இரும்பு அப்படி விட்டுக்கொடுக்காது. மோட்டர் விற்கிறவருக்கு இது தெரியாதென்றால் கடையை மூட வேண்டும். தெரியுமென்றால் அதைவிட மோசம்.

மாப்பிள்ளை கருகிய மோட்டரை உங்கள் கடைக்குக் கொண்டு வந்தார். நீங்கள் அவரிடம் "பாப்பம்" என்று மட்டும் சொன்னீர்கள். அடுத்த நாள் மீனவர்களின் வொட்ஸ்அப் குரூப்பில் உங்கள் குரல் வந்தது. மாப்பிள்ளை போனை என் கையில் தந்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் குசினியில் நின்று கேட்டேன்.

"அது நல்ல மோட்டர். அந்தப் புள்ள போட்டு எரிச்சிட்டு. பொம்புளைக்கு மோட்டர்ட அரும என்ன தெரியும்? சாஃப்ட் தண்டு வெட்டோணுமெண்டா அந்தப் பக்கம் போகாதீங்க. என்னட்டக் கேளுங்க, நல்ல ஆள் காட்டுறன்."

கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக. உங்களை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

நான் உடனே பதில் எழுத வெளிக்கிட்டேன். மாப்பிள்ளை தடுத்தார். "விடு புள்ள. மரைக்கார். நாளைக்கி நம்மட புள்ளைகள்ட கலியாணத்துக்கு அவர்தான் வந்து நிக்கோணும்."

"நிக்கட்டும். நானும் நிப்பன். பக்கத்துப் பக்கத்துல நிண்டு கேக்குறன்."

"இப்ப வாணாம்."

"மறுகா எப்ப? நான் மையித்தானாப் பிறகா?"

கொஞ்ச நாளில் அவர் ஒலுவில் துறைமுகத்துப் பக்கமிருந்து ஒரு மோட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐஸ் உடைக்கும் மெஷினில் இருந்தது. மெஷின் துருப்பிடித்துச் செத்துவிட்டது, மோட்டர் உயிரோடு இருந்தது. மூன்று பேஸ், உடம்பு முழுக்க மூடியது. வீஎஃப்டி பெட்டியைக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் எடுப்பித்தோம். சொந்தக்காரர் இல்லாத கடை. வேண்டியதையெல்லாம் கேட்டுத்தான் எடுத்தேன்.

மோட்டரின் பக்கப் பெட்டியைத் திறந்தால் ஆறு முளைகள் இருக்கும். அவற்றை இணைக்கிற பித்தளைத் தகடுகளை ஒரு விதமாகப் போட்டால் நட்சத்திரம், வேறு விதமாகப் போட்டால் முக்கோணம் என்று சொல்வார்கள். இந்த மோட்டர் நட்சத்திரத்தில் இருந்தது. அது பெரிய கரண்டுக்கு. என் வீட்டுக் கரண்டில் அப்படியே ஓட்டினால் பலம் மூன்றில் ஒன்றாகிவிடும். தகடுகளைக் கழற்றி, உப்பைச் சுரண்டி, முக்கோணமாகப் போட்டேன். வீஎஃப்டி பெட்டியை மட்டும் நம்பவும் இல்லை. மிக மெதுவாக ஓடும்போது மோட்டருக்குத் தன்னைக் குளிரச் செய்ய முடியாது. அதனால் சின்னதும் பெரியதுமாக இரண்டு கப்பி கடைந்து எடுப்பித்து, பெல்டாலே பாதி வேகத்தைக் குறைத்தேன். மீதியைப் பெட்டி பார்த்துக்கொள்ளட்டும்.

அதை ஓட்டிய மத்தியானம் எனக்கு இன்னும் கனவு மாதிரித்தான் இருக்கிறது. காற்று நின்றிருந்தது. முற்றத்து முருங்கையில் ஒரு இலை அசையவில்லை. திருகைத் தொட்டேன். பெட்டிக்குள்ளே மெல்லிய விசில். தண்டு அசைந்ததா இல்லையா என்று தெரியாத வேகத்தில் சுற்றத் தொடங்கியது. நான் அதை விரலால் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். செய்யக் கூடாத வேலை. அது நிற்கவில்லை. மெதுவாக, பொறுமையாக, என் விரலை விலக்கிவிட்டுப் போனது. வீணாகிப்போன அதே தண்டின் மறுமுனையில் ஒரு காடி வெட்டினேன். உருக்குச் சீவல் நீலமாகி, சின்னச் சின்ன நகத்துண்டு மாதிரிச் சுருண்டு விழுந்தது. மாப்பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதுதான் மெஷினை நிறுத்தினேன். பிறகு அவர் எழுந்து, ஆறிப்போன காடியில் விரலை வைத்துத் தடவிவிட்டு, "மச்சி, இது வழுக்குது" என்றார். அவர் என்னைச் செல்லமாக மச்சி என்று கூப்பிடுவது அபூர்வம்.

ஆனால் யாரும் வரவில்லை.

மெஷின் சரியாகிவிட்டது. ஊருக்குள் உங்கள் குரல் இன்னும் ஓடுகிறது. படகுக்காரர்கள் எங்கள் வாசலைத் தாண்டி, தண்டைத் தோளில் வைத்துக்கொண்டு அக்கரைப்பற்று பஸ்ஸுக்குப் போகிறார்கள். யன்னலால் பார்க்கிறேன். சலாம் சொல்கிறார்கள், தலையைக் குனிகிறார்கள். தம்பிலுவில்காரர் மட்டும் ஒரு நாள் வந்தார். புதிய காடியைக் காட்டினேன். நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. நான் நம்புறன். ஆனா என்ட படகுல வாற மத்த ரெண்டு பேரும் அந்தக் குரலக் கேட்டவனுகள். கடலுக்குள்ள சாஃப்ட் பழுதாப் போனா, ஏன் அங்க குடுத்தாயெண்டு என்னத்தான் திண்டுபோடுவானுகள். அந்த மனிசன் வாயத் திறந்து ஒரு சொல் சொன்னா நாளைக்கே கொண்டு வாறன்."

அவர் சொன்னது நியாயம். கடலுக்குப் போகிறவன் சந்தேகத்தோடு போக முடியாது. அந்தச் சந்தேகத்தைப் போட்டது நீங்கள். எடுக்க வேண்டியதும் நீங்கள். நான் எத்தனை காடி வெட்டிக் காட்டினாலும் அது போகாது.

போன கிழமை நீங்கள் ஆள் அனுப்பினீர்கள். வீட்டுக்கு வந்து கதைத்து முடிப்போம், குடிக்குள்ளே இருக்கட்டும் என்று சொன்னீர்களாம். வர வேண்டாம். என் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து என்னிடம் மட்டும் நீங்கள் சொல்லும் எதுவும் எனக்குத் தேவையில்லை. நீங்கள் என்னைப் பற்றிச் சொன்னதைக் குடிக்குள்ளே சொல்லவில்லை. படகு வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் சொன்னீர்கள்.

ஆகவே அதே குரூப்பில், அதே குரலில், அத்தனை பேரும் கேட்கப் பதில் சொல்லுங்கள். அந்தக் கொன்ட்ரோலை எனக்கு விற்பதற்கு முன் எப்போதாவது இரும்பு வெட்டும் மெஷின் ஒன்றில் ஓட்டிப் பார்த்தீர்களா? ஓம் என்றால் எந்த மெஷின், யாருடைய பட்டறை என்று சொல்லுங்கள். நாங்கள் போய்க் கேட்கிறோம். இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். ஒரு சொல்தான் கேட்கிறேன், மரைக்கார் காக்கா. ஓமா, இல்லையா?